கொடியில் காய்ந்த கவுன்

இது நடந்தது. கேட்டவர்களில் சிலர் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். நம்பாதவர்கள் ஒரு பகல் வேளையில் அந்தத் தெருவுக்குப் போய், வலது வரிசையில் நாலாவது வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் கட்டியிருக்கும் துணிக்கொடியை ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம். இரவில் போக வேண்டியதில்லை. இந்தக் கதையில் இரவுக்கு வேலையே இல்லை.

அன்றைக்கு மதியம் அந்த வீட்டில் இருந்தவர்கள்:

வீட்டு ஓனர். பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாடியில் இருப்பவர்.

பக்கத்து வீட்டு டியூஷன் டீச்சர்.

கீழ் வீட்டில் வாடகைக்கு இருந்தவன்.

ஒரு பெண்.

ஒரு சிறுமி. ஐந்து வயது இருக்கும்.

கடைசி இரண்டு பேரும் இருந்தார்கள் என்று ஓனரும் டீச்சரும் இன்றைக்கும் சொல்கிறார்கள். இல்லை என்று அவன் அன்றைக்குச் சொன்னான். அப்படிச் சொன்னதில்தான் வந்தது வினை.

அவன் அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் படித்தான். மூன்றாவது வருடத்தில் பாதியில் நின்றுவிட்டான். காரணம் கேட்டால் ஒவ்வொருவரிடம் ஒவ்வொன்று சொல்வான். படிப்பை விட்ட பிறகும் அந்த வட்டாரத்தை விட்டுப் போகவில்லை. பல்கலைக்கழக மருத்துவமனையின் அடித்தளத்தில் இருக்கும் சலவைக் கூடத்தில் இரவு வேலைக்குச் சேர்ந்தான். வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாகத் துணி வரும். பிரித்து, கறையைப் பார்த்து, எந்தத் தொட்டி என்று முடிவு செய்து போட வேண்டும். கறையை ஒரு தரம் பார்த்தால் அது என்ன, பட்டு எவ்வளவு நேரமாகிறது என்று சொல்லிவிடுவான். படித்ததில் எதுவும் அவனுக்கு அவ்வளவு நன்றாக வரவில்லை. உடன் வேலை செய்தவர்கள் அவனுக்கு வைத்த பெயர் புரொபசர். போர்வையைக் கோணலாக மடித்தால், "புரொபசர், இதை எந்தப் புஸ்தகத்துல படிச்சீங்க?" என்பார்கள். அவனும் சிரித்து வைப்பான்.

இரவில் வேலை செய்பவனுக்குப் பகலில் தூக்கம் வேண்டும். அதுதான் அவனுக்குக் கிடைக்கவில்லை. மாணவர்களோடு பங்கு போட்டு இருந்த அறையில் பகல் முழுக்கப் பாட்டும் கூத்தும். ஒரு விடியற்காலை, துணி பிழியும் எந்திரத்தின் முன்னால் நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டான். பக்கத்தில் இருந்தவர் சட்டையைப் பிடித்து இழுக்காவிட்டால் கை போயிருக்கும். இன்னொரு தரம் தூங்கினால் வேலை கிடையாது என்று மேற்பார்வையாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். படிப்பு போனது, இந்த வேலையும் போனால் வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது?

மருத்துவமனைக்குப் பின்னால் அந்தத் தெரு இருந்தது. தெரு முழுக்கக் குடும்பங்கள். காலையில் பள்ளி வேன் வரும், அப்பாக்களும் அம்மாக்களும் வண்டியைக் கிளப்புவார்கள். அதற்கப்புறம் மாலை வரை ஈ காக்கை கிடையாது. அப்படி ஒரு அமைதி. ஒவ்வொரு கேட்டிலும் பலகை தொங்கும். 'குடும்பத்துக்கு மட்டும்.'

ஓனர் நாற்காலியில் உட்காரச் சொல்லித்தான் கேட்டார். "இந்தத் தெருவுல தனிக்கட்டைங்களுக்கு விடறதில்ல தம்பி. படிக்கிற பசங்க ரொம்ப ஆட்டம். குடும்பம்னா மனுஷனுக்கு ஒரு பயம் இருக்கும். உங்களுக்குக் குடும்பம் இருக்கில்ல?"

"இருக்கு சார்."

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான். சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. மனைவி, ஒரு பெண் பிள்ளை, ஐந்து வயது. இப்போது மாமியார் வீட்டில் இருக்கிறார்கள், அடுத்த வாரம் வந்துவிடுவார்கள் என்றான். பிள்ளை சுவரில் கிறுக்குமா என்று ஓனர் கேட்டார். ரொம்ப அமைதியான பிள்ளை, இருக்கிற இடம் தெரியாது என்றான். மனைவியும் அப்படித்தான், யாரோடும் பேச மாட்டாள் என்றான். ஓனருக்குப் பரம திருப்தி. சாவியைக் கையில் கொடுத்தார்.

ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கினான். அடுத்த வாரம் ஓனர் மாடிப்படியில் நின்று, "இன்னும் வரலையா?" என்று கேட்டார். அன்றிரவு அவனுக்கு ஒரு யோசனை வந்தது. அவன் வாழ்க்கையில் வந்த ஒரே புத்திசாலித்தனமான யோசனை என்று அப்போது நினைத்தான்.

சலவைக் கூடத்தின் மூலையில் ஒரு கோணி மூட்டை உண்டு. நோயாளிகள் விட்டுப்போன சொந்தத் துணிகள் அதில் கிடக்கும். யாரும் கேட்டு வராவிட்டால் என்றைக்காவது கிழித்துத் தரை துடைக்கப் போட்டுவிடுவார்கள். அதிலிருந்து இரண்டு துணி எடுத்தான். பச்சை நிறச் சுடிதார் ஒன்று. சின்னப் பிள்ளைக் கவுன் ஒன்று. கவுனின் மார்பில் ஒரு முயல் தைத்திருந்தது. முயலுக்கு ஒரு காது பிய்ந்துபோயிருந்தது.

வீட்டுக்கு வந்து இரண்டையும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, தன் சட்டைகளோடு சேர்த்துக் கொடியில் போட்டான்.

மாலையில் ஓனர் சிரித்த முகமாகத் தலையாட்டினார். "வந்துட்டாங்க போல!"

"ஆமா சார். காலையிலதான்."

வாரத்துக்கு இரண்டு தரம் நனைத்துப் போடுவான். உலர்ந்ததும் எடுத்து மடித்து வைப்பான். யாரும் உடுத்தாத துணியைத் துவைக்க சோப்பு எதற்கு? வெறும் தண்ணீர்தான். கல்யாணம் ஆகாமலே குடும்பஸ்தன் ஆனதை நினைத்து அவனுக்கே சிரிப்பு வரும்.

மூன்றாவது வாரம் வாளித் தண்ணீர் கலங்கியது.

தெருப் புழுதி என்று நினைத்தான். கவுனை விரித்து வெளிச்சத்தில் பார்த்தான். கழுத்து ஓரத்தில் மங்கலாக ஒரு வளையம். வியர்வை. கீழ் மடிப்பில் கருஞ்சாம்பல் தேய்ப்பு. பென்சில் கரி. எழுதுகிற பிள்ளைகள் விரலைக் கவுனில் துடைத்தால் அப்படித்தான் படியும். இரண்டும் பழைய கறை இல்லை. பழைய கறை நூலுக்குள் இறங்கிவிடும். இவை நூலின் மேலேயே நின்றன.

நேற்றுப் பட்ட கறைகள்.

அதைச் சோப்புப் போட்டுத் துவைத்தான். ஏன் துவைத்தான் என்று அவனுக்குத் தெரியாது. கைப்பழக்கம்.

இரண்டு நாள் கழித்து, மாலை ஐந்தரை மணி இருக்கும். எழுந்து முகம் கழுவ வெளியே வந்தான். பக்கத்து வீட்டு வண்டிக் கொட்டகையில் டியூஷன் முடிந்து பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். டீச்சர் மதில் ஓரம் வந்து நின்றார். தெருவில் பெரிய மனுஷர்களிடமே வாய் கொடுப்பவர். அன்றைக்கு என்னவோ குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. பிள்ளைக்கு ஒரு பென்சில் வாங்கிக் குடுக்கக் கூடாதா? கடைசி வரிசையில வந்து உக்காருது. தினமும் பக்கத்துப் பிள்ளைகிட்ட இரவல் வாங்கி எழுதுது. பாத்தா பாவமா இருக்கு."

மாடிப்படியில் ஓனர் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். காது இங்கேதான் இருந்தது.

எந்தப் பிள்ளை என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் வீடு போகும், தூக்கம் போகும், வேலை போகும். பயம் என்பது பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வெட்கம். காது மடல் வரைக்கும் சுட்டது. இல்லாத பிள்ளைக்குப் பென்சில் வாங்கித் தராத தகப்பனாகத் தலை குனிந்து நின்றான்.

"மறந்துட்டேன் டீச்சர். இன்னைக்கே வாங்கறேன்."

டீச்சர் வேறு யார் பிள்ளையையோ குழப்பிக்கொள்கிறார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். ஆனாலும் பென்சில் வாங்கினான். சீவாத புதுப் பென்சில். ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வேலைக்குப் போனான். பூட்டியது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. இழுத்தும் பார்த்தான்.

காலையில் வந்து பூட்டைத் திறந்தான். பென்சில் அதே இடத்தில் இருந்தது.

சீவியிருந்தது.

பின்முனையில் பல் தடம். சின்னப் பற்கள். தொட்டான்... ஈரமாக இருந்தது.

அன்றைக்கு இரண்டு துணிகளையும் ஒரு பையில் போட்டு, வாயைக் கயிற்றால் கட்டி, பரணில் எறிந்தான். படுத்தான். தூக்கம் வரவில்லை. வெளியே சந்தில் சொட்... சொட்... என்று ஏதோ கேட்டது. குழாய் என்று நினைத்தான். போய்ப் பார்த்தான்.

பச்சைச் சுடிதார். முயல் கவுன். கொடியில் தொங்கின. நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அவன் பிழிந்தால் துணி வேறு மாதிரி இருக்கும். எந்திரத்தில் வேலை செய்கிறவன் துணியை அழுத்தித்தான் பிழிவான். இவை முறுக்கிப் பிழிந்தவை. சுடிதாரின் நீளவாக்கில் முறுக்கின் சுருக்கம் இன்னும் அவிழவில்லை. அவற்றுக்குப் பக்கத்தில் அவனுடைய சட்டை ஒன்றும் காய்ந்தது. முந்தின நாள் அழுக்காகக் கழற்றி மூலையில் போட்ட சட்டை. கழுத்துப் பட்டியில் அழுக்கே இல்லை. கையால் தேய்த்துத் தேய்த்து எடுத்திருந்தார்கள்.

ஓடியிருக்க வேண்டும் என்று கேட்பவர்கள் சொல்கிறார்கள். எங்கே ஓடுவது? 

அவன் இருந்தான். பகலில் படுத்தான்.

சத்தங்கள் பழகின. பன்னிரண்டு மணிவாக்கில் குளியலறையில் வாளி நகரும். கொஞ்ச நேரம் கழித்துச் செருப்பைத் தேய்த்து நடக்கிற சின்னச் சத்தம். பேச்சு கிடையாது. அவன்தானே சொல்லியிருந்தான், பேச மாட்டார்கள் என்று. இருக்கிற இடம் தெரியாது என்று.

ஒரு நாள் பல்கலைக்கழக மணி இரண்டு அடித்தது. அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

மெத்தையின் ஓரம் தாழ்ந்தது.

கொஞ்சமாகத்தான். கனமில்லாத ஒன்று.

முதுகுக்குப் பின்னால் மூச்சு. மெல்லிய, வேகமான மூச்சு. ஓடி விளையாடிவிட்டு வந்து படுத்த பிள்ளையின் மூச்சு...

அவன் திரும்பவில்லை. கத்தவும் இல்லை.

சுவரோடு ஒட்டி நகர்ந்து இடம் விட்டான்.

மற்ற எதையும் விட அதுதான் பிறகு அவனை உறுத்தியது. இடம் விட்டான். அப்படியே தூங்கியும் போனான். பல வருடங்களில் அப்படித் தூங்கியதில்லை.

தெரு சும்மா இருக்குமா? பேச ஆரம்பித்தது. அந்தப் பெண்ணை அவன் வெளியே விடுவதில்லையாம். கடை கண்ணிக்குக் கூட்டிப்போவதில்லையாம். அவள் ஜன்னலோரம் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருக்கிறாளாம். பிள்ளை ஒரே கவுனைப் போட்டுக்கொண்டு வருகிறதாம். ராத்திரி அவர்களை வைத்துப் பூட்டிவிட்டு எங்கேயோ போய்விடுகிறானாம். டீக்கடைக்காரர் அவனிடம் பாக்கிச் சில்லறையைக் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தார். எதிர் வீட்டுக்காரர் கேட்டைச் சாத்திக்கொண்டார். அவன் கூனிக் குறுகி நடந்தான். ஆண்டவன் கொடுக்காத பெண்டாட்டியைக் கொடுமைப்படுத்துகிறவன் என்று ஊர் துப்புகிறது. துடைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

ஒரு மதியம் கதவைத் தட்டினார்கள். ஓனரும் டீச்சரும். தூக்கக் கலக்கத்தில் எழுந்து திறந்தான்.

ஓனர்தான் ஆரம்பித்தார். நாலு குடும்பம் இருக்கிற தெரு, தனக்கு ஒரு பேர் இருக்கிறது, பெண் பிள்ளைகளைப் பூட்டி வைக்கிறவனுக்கா வீடு விட்டோம் என்று மானம் போகிறது என்றார். டீச்சர் அவனைப் பேச விடவில்லை.

"படிச்சவர்தானே நீங்க? பிள்ளை நேத்து மயங்கி விழப் பாத்துச்சு. என்ன சாப்பிட்டேன்னு கேட்டா தலையைக் குனியுது. உங்க வீட்ல அடுப்பு எரிஞ்சு யாராவது பாத்திருக்காங்களா? வெட்கமா இல்ல?"

அவனுக்குள் எதுவோ அறுந்தது. அவ்வளவு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு சுமந்தது.

"எனக்குக் குடும்பமே இல்ல சார்," என்றான். "பொய் சொன்னேன். வீட்டுக்காகச் சொன்ன பொய். எனக்குக் கல்யாணமே ஆகல."

இருவரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலே, வீட்டுக்குள்ளே பார்த்தார்கள்.

ஓனர் கை நீட்டினார். "அப்ப இவங்க யாரு?"

அவன் திரும்பினான்.

யாருமில்லை. உள் அறை வாசலில் திரை. அது மெல்ல அசைந்தது. கீழே தரையில் ஈரக் கால் தடங்கள். பெரியவை இரண்டு. அவற்றை ஒட்டிச் சின்னவை இரண்டு. விரல்கள் அவனைப் பார்த்து இருந்தன.

"தெரியாது," என்றான்.  மறுபடி சத்தமாகச் சொன்னான். "இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது!"

திரை நின்றது.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். கண் கலங்கியது. அவனுக்காக இல்லை. "பிள்ளை முன்னாடியே சொல்றாரே..."

ஓனர் ரொம்ப அமைதியாகச் சொன்னார். "நீ போயிடு தம்பி. அவங்க இருக்கட்டும். இது குடும்பத்துக்கு விட்ட வீடு."

சாவியை வாங்கிக்கொண்டார். அவன் கையில் கிடைத்த துணியைப் பையில் திணித்துக்கொண்டு நடந்தான். தெருமுனை வரை முதுகில் பார்வை இருந்தது. எத்தனை பேருடையது என்று எண்ணத் தைரியமில்லை.

அன்றிரவு வேலைக்குப் போனான். நிம்மதியாக இருக்க வேண்டும், ஆனால் இல்லை. மூலையில் கிடந்த கோணி மூட்டையைக் கவிழ்த்துக் கிளறினான். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமலே தேடினான். மேலே அவசரப் பிரிவில் வேலை பார்க்கும் நர்ஸ் விரிப்பு வாங்க வந்தவர், "என்ன புரொபசர், மோதிரம் கீதிரம் தொலைச்சுட்டீங்களா?" என்றார்.

ஒற்றைக் காது முயல் தைத்த கவுன் ஒன்று இதில் கிடந்தது, யாருடையது தெரியுமா என்று கேட்டான்.

நர்ஸின் சிரிப்பு போய்விட்டது. விரிப்புகளைக் கீழே வைத்தார். அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்லலாம்.

போன வருடம் பேருந்து கவிழ்ந்து ஒரு தாயையும் மகளையும் கொண்டுவந்தார்கள். தாய் வரும்போதே போய்விட்டாள். உடம்பில் பச்சைச் சுடிதார். பிள்ளையின் பையில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. கூப்பிட்டதும் ஒரு ஆள் வந்தான். நல்ல சட்டை, நல்ல செருப்பு. வேறு குடும்பம் இருந்ததோ என்னவோ, வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். கட்டிலருகே நின்றான். பிள்ளையின் முகம் அந்த ஆளை அப்படியே உரித்து வைத்திருந்தது. அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது.

"இவங்க யாருன்னே எனக்குத் தெரியாதுன்னு சொன்னான். சொல்லிட்டுத் திரும்பிப் பாக்காம போயிட்டான்."

அவன் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தான்.

"அந்தப் பிள்ளை மயக்கத்துலதான் இருந்துச்சுன்னு அவன் நினைச்சிருப்பான்," என்றார் நர்ஸ். "முழிச்சுதான் இருந்துச்சு. கேட்டுக்கிட்டுதான் இருந்துச்சு. அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசல. சாயங்காலம் போயிடுச்சு."

விடிந்ததும் அவன் படுக்கவில்லை. நேராக அந்தத் தெருவுக்குப் போனான்.

வெயில் ஏறியிருந்தது. தெருவில் ஈ காக்கை இல்லை. டீச்சர் மட்டும் தன் வாசலில் நின்றார்.

சந்தில் கொடி. பச்சைச் சுடிதார். முயல் கவுன். அவன் அவசரத்தில் விட்டுப்போன சட்டை.

முயலுக்கு இரண்டு காது இருந்தது. இரண்டாவது காது அவன் சட்டைத் துணி.

"யாரைத் தேடி வந்தீங்க?" என்றார் டீச்சர்.

அவன் கதவைப் பார்த்துத்தான் பதில் சொன்னான். உள்ளே கேட்கிற மாதிரி.

"என் வீடு டீச்சர். என் பொண்டாட்டி இருக்கா. என் பிள்ளை இருக்கு."

ஒன்றுமில்லை.

ரொம்ப நேரம் ஒன்றுமில்லை.

பிறகு... தாழ்ப்பாள் உள்ளே நகர்ந்தது.

கதவு ஒரு கை அகலம் திறந்தது. உள்ளே இருட்டு. ஈரத் துணி வாடை.

வாசலில் சின்னச் செருப்பு ஒரு ஜோடி. அதன் பக்கத்தில் தன் செருப்பைக் கழற்றி வைத்தான்.

தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான்.

கதவு சாத்திக்கொண்டது. மேல் தாழ்ப்பாள். கீழ்த் தாழ்ப்பாள். கடைசியாக, பூட்டு.